பூட்டு நம் கார்டில், சாவி கம்பெனி கையில்!

புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி, லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில் செருகி, சுவிட்சைப் போட்டால் என்ன நடக்க வேண்டும்? திரையில் படம் தெரிய வேண்டும். கொடுத்த காசுக்குக் கார்டு முழு வேகத்தில் வேலை செய்ய வேண்டும். இதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஆனால் என்விடியா கம்பெனியின் கார்டை வாங்கியவர்கள் கதை என்ன? கறுத்த திரையை வெறித்துப் பார்த்தபடி ராத்திரியைக் கழித்தவர்கள் எத்தனை பேர்! "லினக்ஸ் என்றாலே தொல்லைதான்" என்று அலுத்துக்கொண்டு விலகிப் போனவர்கள் எத்தனை பேர்! குற்றம் ஒருவனுடையது, பழி இன்னொருவன் தலையில்.

விஷயத்தைச் சற்று விளக்குவோம். கார்டு தானாக ஓடாது. அதை ஓட்டுவதற்கு டிரைவர் என்ற நிரல் வேண்டும். லினக்ஸின் மையமான கெர்னல், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் துவக்கிவைத்து, உலகெங்கும் ஆயிரக் கணக்கானோர் உழைத்து வளர்த்தது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பெரும்பாலான கருவிகளின் டிரைவர்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. கெர்னல் மாறும்போது அவையும் கூடவே திருத்தப்படுகின்றன. என்விடியாவின் டிரைவரோ வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் சரக்கு. கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் ஒட்டுப் பகுதியை மறுபடி தயாரிக்க வேண்டும். தயாரிப்பு தவறினால் திரை கறுப்பு. 'செக்யூர் பூட்' போட்ட கம்ப்யூட்டர் என்றால் அந்தப் பகுதிக்குக் கையொப்பமும் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நுழைய அனுமதி இல்லை!

2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் இதுபற்றிக் கேள்வி எழுந்தபோது, தாங்கள் பழகிய கம்பெனிகளிலேயே படுமோசமானது என்விடியாதான் என்று டோர்வால்ட்ஸ் பகிரங்கமாகச் சொன்னார். கூடவே விரலால் ஒரு சைகையும் காட்டினார். அது பத்திரிகையில் வர்ணிக்கத் தக்கதல்ல. அவர் பாஷையை நாம் பின்பற்ற மாட்டோம். அவர் கோபத்தில் நியாயம் உண்டு என்று மட்டும் சொல்வோம்.

கம்பெனி கொடுக்காவிட்டால் என்ன, நாமே எழுதுவோம் என்று கிளம்பியவர்களும் உண்டு. அவர்கள் படைத்ததுதான் 'நூவோ' டிரைவர். கையேடு கிடையாது, வரைபடம் கிடையாது. மூடிய டிரைவர் கார்டுக்குள் எந்த இடத்தில் எந்த எண்ணை எழுதுகிறது என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்து, அதன் அர்த்தத்தை ஊகித்து, தப்பு செய்து, திருத்தி, வருஷக் கணக்காக உழைத்தார்கள். 2010இல் வந்த 2.6.33 கெர்னலில் நூவோ இடம்பெற்றது. இதற்காகக் கம்பெனி வெட்கப்பட்டிருக்க வேண்டும். என்ன செய்தது தெரியுமா?

2014இல் 900 வரிசைக் கார்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, கார்டின் முக்கிய பாகங்களுக்குப் பூட்டுப் போட்டது! கார்டுக்குள் ஏற்றப்படும் 'பர்ம்வேர்' என்ற சிறு நிரலில் கம்பெனியின் கையொப்பம் இருந்தால்தான் அந்தப் பாகங்கள் அதற்குக் கீழ்ப்படியும். கடையில் பணத்தை எண்ணி வைத்து, ரசீது வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் கார்டு யார் பேச்சைக் கேட்கிறது? கம்பெனியின் பேச்சை! படம் வரைவதற்கான கையொப்பமிட்ட கோப்புகளை 900 வரிசைக்கு 2016இல்தான் கொடுத்தார்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கோப்பைக் கொடுக்கவில்லை. விளைவு? நூவோவின் கீழ் அந்தக் கார்டுகள் விழித்தெழும்போது உள்ள மந்த வேகத்திலேயே நிற்கின்றன. இதில் ஒரு வேடிக்கை: அதற்கு முந்திய, 2012ஆம் வருஷத்துக் கெப்ளர் கார்டுகளில் வேகத்தைக் கையால் கூட்ட நூவோவில் வழி உண்டு. கிழட்டு மாடு நடக்கிறது, காளையின் கால்கள் கட்டப்பட்டிருக்கின்றன.

"கம்பெனியின் சொந்த டிரைவரைப் போட்டுக்கொள்வதுதானே?" என்று கேட்பார்கள். அங்கேதான் சூது இருக்கிறது. 900 வரிசைக்கும், 2016இல் வந்த 1000 வரிசைக்கும் 580 என்ற டிரைவர் வரிசையே கடைசி என்று கம்பெனி 2025இல் கையை விரித்துவிட்டது. 1060, 1050 போன்ற கார்டுகளைப் பழைய சாமான் கடையில் வாங்கி உபயோகிப்பவர் யார்? சீமான்களா? கையில் காசில்லாத மாணவர்கள், சின்ன ஸ்டூடியோ வைத்துப் பிழைப்பவர்கள். கார்டு பழுதாகவில்லை. ஆனாலும் புதுக் கெர்னல்கள் வர வர, பழைய டிரைவர் ஒருநாள் ஒட்ட மறுக்கும். நூவோவுக்குப் போனால் மந்த வேகம். வைக்கோற்போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது என்பார்கள். இந்த நாய் அந்த வைக்கோலுக்கு விலையும் வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறது!

2022 மே மாதத்தில் என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்துவிட்டதே என்று சிலர் புளகாங்கிதம் அடைகிறார்கள். திறந்தது உண்மை. அதனால் நன்மை விளைந்ததும் உண்மை. 2018இல் வந்த டூரிங் கார்டுகள் முதல் நூவோவுக்கும் வேகத்தைக் கூட்ட வழி பிறந்தது. இதை மறைக்க நமக்கு அவசியம் இல்லை. ஆனால் எப்படித் திறந்தார்கள்? ரகசியங்களில் பெரும் பகுதியைக் கார்டுக்குள் இருக்கும் தனி பிராசஸருக்கு மாற்றிவிட்டு, வாசல் கதவைத் திறந்தார்கள். கெர்னலுக்கு வெளியே ஓடும் பெரும் பகுதி மூடியே கிடக்கிறது. டூரிங்குக்கு முந்திய கார்டுகளுக்கோ அந்த வாசல்கூட இல்லை.

"தொழில் ரகசியம் போய்விடும்" என்ற பல்லவியும் உண்டு. 2007 செப்டம்பரில் ஏ.எம்.டி. கம்பெனி தன் கார்டுகளின் விவரக் குறிப்புகளை வெளியிடுவதாக அறிவித்து, வெளியிடவும் செய்தது. அது திவாலாகிவிட்டதா? அதன் டிரைவர் 2015 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. (ஏ.எம்.டி. ஒன்றும் தர்மசத்திரம் அல்ல. அதன் பர்ம்வேரும் மூடியதே. ஆனால் யாரும் எடுத்துப் பகிரக் கொடுத்திருக்கிறது.)

"லினக்ஸ்காரர்கள் கொஞ்சம் பேர், அவர்களுக்காக யார் மெனக்கெடுவது?" என்பது அடுத்த சாக்கு. அப்படியா! உலகின் அதிவேகக் கம்ப்யூட்டர்கள் 500இன் பட்டியலில் 2017 நவம்பரிலேயே 500ம் லினக்ஸில் ஓடின. என்விடியா தானே விற்கும் டி.ஜி.எக்ஸ். யந்திரங்களின் இயங்குதளமே உபுண்டு லினக்ஸின் மேல் கட்டப்பட்டதுதான். 2025 அக்டோபரில் சந்தை மதிப்பு 5 லட்சம் கோடி டாலரை எட்டிய முதல் கம்பெனி என்று கொண்டாடினார்களே, அந்தச் செல்வத்தை ஈட்டித் தந்த யந்திரங்கள் பெருமளவில் எதன் மேல் ஓடுகின்றன? ஊரார் கூலி வாங்காமல் போட்ட ரோட்டில் லாரி விடுகிறவர், அந்த ஊராரின் கட்டை வண்டிச் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுகிறார்!

பாதுகாப்புக்காகவே கையொப்பம் என்கிறார்களா? இருக்கட்டும். பூட்டை உடைக்கச் சொல்லவில்லை, சாவியையும் கேட்கவில்லை. 900, 1000 வரிசைக் கார்டுகளின் வேகத்தை ஆளும் பர்ம்வேரைக் கம்பெனியே கையொப்பமிட்டு, எல்லோரும் பகிரலாம் என்ற அனுமதியோடு வெளியிடட்டும். அதைப் பேச வைக்கும் முறையை விளக்கிச் சில பக்கக் குறிப்பும் கொடுக்கட்டும். மிச்ச வேலையை நூவோக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். தான் கைகழுவிய கார்டுகளின் விஷயத்தில் இதைக்கூடச் செய்ய என்விடியாவுக்கு என்ன தடை?