மரை கழண்டது யாருக்கு?

மாசி மாசம் அரியலூர் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பெரம்பலூர்ல இருந்து பேண்டு செட். சாமி பாதித் தெரு கூட தாண்டலை, ஸ்நேர் டிரம் 'டர்ர்'ங்கிறதை விட்டுட்டு 'தொப் தொப்'னு ஆயிடுச்சு. பேண்டு மாஸ்டர் அத்தனை பேர் முன்னாடி, "ஒழுங்கா முறுக்கத் தெரியாதாடா?"ன்னு பையனை ஒரு பிடி பிடிச்சுட்டார். சம்பளத்துலயும் கை வைப்பாராம்.

அதே ஊர்வலத்துல முன்னாடி போன பறைக்காரங்களும் வழியில நின்னாங்க. வைக்கோலைக் கொளுத்தி பறையைக் காய்ச்சினாங்க. தோல் ஈரத்தை இழுத்தா தொய்யும், சூடு காட்டினா விறைக்கும். இது ஊருக்கே தெரியும், அதனால யாரும் திட்டலை. பறை தொய்ஞ்சா பனி மேல பழி, ஸ்நேர் தொய்ஞ்சா பையன் மேல பழி. என்னங்க நியாயம் இது?

விஷயம் ரொம்ப சிம்பிள். 14 இஞ்ச் ஸ்நேர்ல வளையத்தைச் சுத்தி வழக்கமா 8 இல்லைன்னா 10 டென்ஷன் ராடு இருக்கும், மலிவு ஐட்டத்துல 6. நீள போல்ட்டுதான். தோலோட இழுவைதான் மரையைக் கழலாம பிடிச்சு வச்சிருக்கு. குச்சி வளையத்துலயும் தோல்லயும் ஒண்ணா விழறப்ப வளையம் அந்தப் பக்கம் ஒரு நொடி கீழே அமுங்கும். அப்ப அங்கே இருக்கிற ராடுல இழுவை குறையும், அந்த அதிர்வுல ராடு துளி சுத்திக்கும். ஒருதடவை தளர்ந்தா அடுத்த தடவை இன்னும் ஈஸி. அதனாலதான் அடிக்கிறவன் பக்கத்து ரெண்டு ராடு மட்டும் முதல்ல கழலுது. சிமெண்ட் லாரி ஓடற ஊர்ல, குலுங்கினா நட்டு கழலும்னு நான் சொல்லித் தரணுமா? :-)

"இன்னும் இறுக்க வேண்டியதுதானே?"ன்னு கேப்பீங்க. கொஞ்சம் தாங்கும்தான், இல்லைங்கலை. ஆனா ஓவரா முறுக்கினா சத்தம் செத்துடும், மரை தேயும், அப்புறம் டிரம்மே காலி. எண்ணெயை ஊத்தி வைக்கிறதும் வேண்டாம். சுத்தறது ஈஸியானா கழலறதும் ஈஸி.

பிளம்பர் கடை டெஃப்லான் டேப்பை மரையில ரெண்டு சுத்து சுத்தி மாட்டினா இடைவெளி அடையும், ராடு லேசுல சுத்தாது. ராடுல மாட்டற நைலான் லாக்கும் கிடைக்குது. கெட்டியா ஒட்டற பசை மட்டும் கூடாது, அப்புறம் ட்யூன் பண்ணவே முடியாது. முக்கியமா, முதல் பாட்டு முடிஞ்சதும் டிரம் கீயோட ஒரு நிமிஷம் நிக்க விடணும்.

டேப்பும் லாக்கும் வாங்க வேண்டியது செட்டுக்கு ஓனரா இருக்கிறவர். அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்க வேண்டியது மாஸ்டர். ரெண்டு டீ காசுல முடியற வேலைக்கு ஒரு பையனோட கூலியும் மானமும் போகணுமா?

தவிலே தோல் வாரை விட்டுட்டு நட்டு போல்ட்டுக்கு மாறி பல வருஷம் ஆச்சு. மரை நமக்குப் புதுசில்லை. அது கழலும்னு ஒத்துக்கிறதுதான் இன்னும் வரலை.

டிஸ்கி: தலைப்பு மாஸ்டரைப் பத்தி இல்லைங்கோ. சத்தியமா டிரம்மைப் பத்திதான்!