பஸ் போன பிறகு?

பிறருக்காகப் போராடக் கிளம்புகிறவர்கள் கற்க வேண்டிய பாடத்தை 1965-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மாணவர்கள் சிலர் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். தொழிற்சங்கத்தாராகிய நாமும் அதை அறிவது நல்லது.

அவ்வாண்டு பிப்ரவரியில் சிட்னி பல்கலைக்கழக மாணவர் சுமார் 30 பேர் ஒரு பஸ்ஸில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உள்ளூர்ப் பகுதிகளுக்குப் புறப்பட்டனர். பெரும்பாலோர் வெள்ளையர். ஆனால், தலைமை தாங்கிய சார்ல்ஸ் பெர்க்கின்ஸ் பூர்வகுடி இனத்தவர். காலில் முள் தைத்தவன் முன்னே நடந்தான். மற்றவர் பின்னே நடந்தனர். போன ஊர்களில் பூர்வகுடி மக்களின் வாழ்க்கை நிலையைக் கேட்டுக் குறித்துக்கொண்டனர்.

வால்கெட் ஊரில் முன்னாள் ராணுவத்தினர் கிளப்பின் வாசலில் மறியல் செய்தனர். நாட்டுக்காகப் போர்முனை கண்ட பூர்வகுடி வீரருக்கு அக்கிளப்பில் இடமில்லை! அன்றிரவு ஊரை விட்டுக் கிளம்பிய பஸ்ஸை ஒரு வண்டி சாலையிலிருந்து ஒதுக்கித் தள்ளியது.

மோரி ஊரின் நீச்சல் குளத்தில் பூர்வகுடியினருக்குத் தடை. 1955-இல் நகராட்சி போட்ட தீர்மானம் அது. மாணவர்கள் பூர்வகுடிப் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். குளம் திறந்தது. வென்றோம் என்று பஸ் ஏறினர். அவர்கள் தலை மறைந்ததும் தடை திரும்பி வந்தது! செய்தி எட்டியதும் பஸ்ஸும் திரும்பியது. முட்டையும் தக்காளியும் பறந்தன. மாணவர்கள் நகரவில்லை. கடைசியில் தடையை நீக்க முயல்வதாக நகரத் தலைவர் இசைந்தார்.

துரையின் ஆபீஸ் வாசலில் வாக்குறுதி வாங்கி லயத்துக்குத் திரும்பியவர்களுக்கு இக்கதை புதிதா? வாக்குறுதி வேறு, நடப்பு வேறு. பஸ் போன பிறகும் அந்த ஊரில் அதே முகங்களைப் பார்த்து வாழ வேண்டியவர்கள் பூர்வகுடியினரே. ஆகவே, எதைக் கேட்பது, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் உரிமையும் அவர்களுடையதே.

ஒரு பஸ் பயணம் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. ஆயினும் நாட்டின் கண்ணைத் திறந்தது. 1967-இல் பூர்வகுடி மக்களைக் குடிக்கணக்கில் சேர்க்கவும், அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் இயற்றவும் நடந்த வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு கிடைத்தது.

தோழர்களே! பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஒராங் அஸ்லி கிராமத்துக்குச் சேவை செய்யப் போனால், அரிசி மூட்டைக்கு முன் காதைக் கொண்டு போகட்டும். திரும்பும் நாளை அந்தக் கிராமத்தார் சொல்லட்டும்.