கணினி வாசலைத் தாண்டிய பிறகு

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 விதிக்கும் வன்பொருள் நிபந்தனைகளை நிறைவு செய்யாத கணினிகள், பழுதேதும் இன்றியே, அலுவலக மூலைகளில் அடுக்கப்படுகின்றன. கம்பெனிச் சட்டத்தின் கணக்குப்படி ஒரு மேசைக் கணினியின் ஆயுள் 3 ஆண்டு. ஏட்டில் மதிப்புத் தேய்ந்த பிறகு நிர்வாகத்தின் கண்ணில் அது இடத்தை அடைக்கும் பழைய சாமான். ஏலத்தில் நாலு காசு தேறினால் இலாபம்.

அந்த ஏலத்தில்தான் கோளாறு தொடங்குகிறது. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஓர் ஆண்டில் 1,000 கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம், தன் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்கின்றன அவை. வரம்புக்குக் கீழே 999 கருவிகள் வைத்திருப்பவர் தப்பித்தார். வரம்புக்கு மேலே உள்ளவரோ ஒரு சான்றிதழைப் பெற்றுக்கொண்டு தலைமுழுகிவிடலாம். அமிலக் கழிவைச் சுத்திகரிக்கவும் தொழிலாளருக்குக் காப்பீடு கட்டவும் செலவழிக்கும் ஆலையால், இவை எதற்கும் செலவழிக்காதவர் கேட்கும் விலையை எட்ட முடியாது. பதிவு பெற்றவரின் பெயரில் எடுக்கப்பட்ட சரக்கு இரண்டு மூன்று கை மாறி முறைசாராப் பட்டறைகளுக்குப் போவது இத்துறையில் ஊரறிந்த இரகசியம்.

அந்தப் பட்டறைகளில் பெயர் பெற்றது வடகிழக்குத் தில்லியின் சீலம்பூர். உழைக்கும் இஸ்லாமிய மக்கள் அடர்த்தியாக வாழும் அப்பகுதியின் சந்துகளில் கணினி சுத்தியலாலும் திருப்புளியாலும் பிரிக்கப்படுகிறது. இரும்புக் கூடு ஒருவருக்கு, செப்புக் கம்பி ஒருவருக்கு, சுற்றுப்பலகை இன்னொருவருக்கு என்று ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வியாபாரி உண்டு. பலகைகள் லாரியேறி உத்தரப் பிரதேசத்தின் முராதாபாத் வரை செல்கின்றன. பித்தளை வேலைப்பாட்டுக்குப் புகழ்பெற்ற அந்நகரில் உலோகத்தைக் கையாளத் தெரிந்த கைகள் தலைமுறைகளாக இருக்கின்றன. இன்று அக்கைகளில் பல, அமிலத்தில் பலகையை முக்கி எடுக்கின்றன. எஞ்சிய சாம்பல் ராமகங்கை ஆற்றங்கரையில் கழுவப்படுகிறது. செம்பை எடுக்க மேலுறையோடு கம்பியை எரித்தால் டயாக்ஸின் நச்சுப்புகை கிளம்புகிறது. பற்றாசிலுள்ள காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெண்கள் வீட்டு முற்றத்திலேயே இவ்வேலையைச் செய்யும்போது வீட்டுக்கும் ஆலைக்கும் இடையே சுவர் ஏது?

இவர்களைக் குற்றவாளிகளாகச் சித்தரிப்பது ஆங்கில நாளேடுகளுக்குப் பழகிப்போயிற்று. அவ்வப்போது பட்டறைகளுக்குச் சீல் வைக்கப்படுகிறது. கணினியை அனுப்பிய நிறுவனத்தின் வாசலுக்கு எந்த அதிகாரியும் போவதில்லை.

நிறுவனங்களுக்கு வேறோர் அச்சம் உண்டு: தரவுக் கசிவு. அமெரிக்காவின் மார்கன் ஸ்டான்லி 2016இல் இரண்டு தரவு மையங்களை மூடியபோது, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத சரக்குப் பெயர்ப்பு நிறுவனம் ஒன்றிடம் கருவிகளை ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரங்கள் அழிக்கப்படாத வன்தட்டுகள் இணைய ஏலத்தில் விலைபோயின. ஒரு வங்கி ஒழுங்காற்று அமைப்பு 2020இல் 6 கோடி டாலரும், பங்குச் சந்தை ஆணையம் 2022இல் 3.5 கோடி டாலரும் அபராதம் விதித்தன. கோப்பை நீக்குவதோ மேலோட்டமாக ஃபார்மேட் செய்வதோ தரவை அழிப்பதாகாது. அட்டவணையிலிருந்து பெயர்தான் போகிறது, உள்ளடக்கம் அப்படியே கிடக்கிறது. முழுத் தட்டின் மீதும் வேறு தரவை எழுத வேண்டும். எஸ்.எஸ்.டி. வகைக்கு அதற்கே உரிய அழிப்பு ஆணைகள் உண்டு. காந்தத்தால் அழிக்கும் முறை அதனிடம் பலிக்காது.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போதிய பாதுகாப்புச் செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. (தகவல் அறியும் உரிமையை இதே சட்டம் வெட்டிச் சுருக்கியது தனிக் கதை.) தரவுக்கு விலை குறித்த அரசு, தரவு அழிந்த வெற்றுக் கூட்டைப் பிரிப்பவரின் நுரையீரலுக்கு விலை குறிக்கவில்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, மின்விசை பயன்படுத்தும் தொழிற்சாலைக்கான வரம்பை 10 தொழிலாளரிலிருந்து 20 ஆக உயர்த்தியது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் பட்டறை முன்பும் வெளியே, இப்போது இன்னும் வெளியே.

உற்பத்தியாளர்களும் பொறுப்பேற்கத் தயாராக இல்லை. நுகர்வோர் மின்னணுப் பொருள்களின் மறுசுழற்சிக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தரவேண்டும் என்று ஒன்றிய அரசு 2024இல் நிர்ணயித்ததும், சாம்சங், எல்.ஜி., டைகின், வோல்டாஸ் போன்ற நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றப் படியேறின. குளிர்சாதனப் பெட்டியை ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்பவர்களுக்கு 22 ரூபாய் கசக்கிறது. கனிம மறுசுழற்சிக்கென 2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒதுக்கிய 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகையோ கசக்கவில்லை.

இங்கே தொழிற்சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு, தகவல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளின் சங்கங்கள் ஊதிய உயர்வையும் இடமாற்றத்தையும் பேசும் அதே மேசையில் கழிக்கப்படும் கணினிகளையும் பேச வேண்டும். அந்த வன்தட்டுகளில் ஊழியர்களின் சம்பள விவரமும் மருத்துவச் சான்றும் கூட இருக்கின்றன. தரவழிப்பு அலுவலக வளாகத்துக்குள்ளேயே, பொறுப்பான ஊழியர் கையொப்பத்துடன், வரிசை எண் வாரியாக நடக்க வேண்டும். தரவு பயத்தைச் சாக்கிட்டு நல்ல கணினியை நொறுக்குவதும் வீண். முறையாக அழித்தால் மறுபயன்பாட்டுக்குத் தடையில்லை. இயங்குபவை பள்ளிக்கும் நூலகத்துக்கும் போகட்டும். கேரளத்தின் கைட் நிறுவனம் அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளை இயங்குதளமாகப் பயன்படுத்துவதால், அமெரிக்க நிறுவனம் ஒன்றின் நாள்காட்டி அங்குள்ள கணினிகளின் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை.

இயங்காதவற்றுக்கு ‘அதிக விலை கேட்பவருக்கே’ என்ற ஏல நிபந்தனை மாற வேண்டும். பிரிப்போரின் ஊதியம், பாதுகாப்பு, சரக்கு கடைசியாகச் சென்றடையும் இடம் ஆகியவை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டு மின்னணுக் கழிவை விலை கொடுத்துச் சேகரித்து, அரசின் க்ளீன் கேரளா நிறுவனத்திடம் சேர்க்கிறார்கள். புனேயில் கழிவு சேகரிப்போரே உரிமையாளர்களான ஸ்வச் கூட்டுறவு இயங்குகிறது. 2022 விதிகளே கூட இத்துறைத் தொழிலாளர்களைப் பதிவு செய்யவும், அவர்கள் குழுக்களாகச் சேர உதவவும், ஆண்டுதோறும் உடல்நலத்தைக் கண்காணிக்கவும் மாநில அரசுகளைப் பணிக்கின்றன. அதே விதிகள் முந்தைய 2016 விதிகளில் இருந்த ‘பிரிப்பாளர்’ என்ற தனி வகையை நீக்கிவிட்டன. சீலம்பூர்த் தொழிலாளி எந்தப் பெயரில் பதிவு செய்துகொள்வது?

சுற்றுப்பலகையிலிருந்து தங்கத்தையும் செம்பையும் பிரிக்கும் வேலையை எந்தக் கூட்டுறவும் வாளியும் அமிலமுமாகச் செய்யக் கூடாது. அதற்கான தொழில்நுட்பத்தை ஹைதராபாத்தில் உள்ள பொதுத்துறை ஆய்வு நிறுவனமான சி-மெட் உருவாக்கியிருக்கிறது. 1,500 கோடியில் ஒரு பகுதியைக் கொண்டு முராதாபாத்திலும் சீலம்பூரிலும் அத்தகைய பொது ஆலைகளை நிறுவி, இன்று அங்கே வேலை செய்வோரையே அவற்றில் நிரந்தரத் தொழிலாளர்களாக அமர்த்த வேண்டும் என்பது மத்தியத் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும்.