என் படத்தில் உங்கள் பிரஷ் எதற்கு?

சென்ற மாதம் ஒரு படத்தைக் கிழித்துப் போட்டேன். கீழே என் கையெழுத்து இருந்த படம்தான். கையெழுத்தைத் தவிர அதில் என்னுடையது அதிகம் இல்லை என்பதால் கிழித்தேன். விவரமாகச் சொல்கிறேன்.

வீட்டம்மா காலமான பிறகு பாலக்கரையில் சாயங்காலங்கள் ரொம்ப நீளமாகிவிட்டன. டி.வி. சீரியல் நமக்கு ஒத்துவராது. சின்ன வயதிலிருந்தே படம் போடும் ஆசை உண்டு. குடும்பம், உத்தியோகம் என்று தள்ளிக்கொண்டே வந்தாயிற்று. எழுபதைத் தாண்டிய பிறகு துணிந்து ஒரு அக்ரிலிக் பெயிண்டிங் வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். எந்த வகுப்பு என்று கேட்காதீர்கள். பெயர் முக்கியமில்லை, பழக்கம்தான் முக்கியம்.

எல்லோருக்கும் ஒரே போட்டோவைக் கொடுத்தார்கள். ஏரி, பனிமலை, அஸ்தமனச் சூரியன், ஒரு படகு. காவிரிக் கரையில் இத்தனை வருஷம் இருந்தவன் நான். பனிமலையை நேரில் பார்த்ததே இல்லை. போட்டேன். மலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மாஸ்டர் வந்தார். என் மகன் வயதுகூட இருக்காது, மரியாதையான பிள்ளை. "கொஞ்சம் தள்ளிக்குங்க சார்" என்று பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். பத்தே நிமிஷம்தான், மலை நிமிர்ந்தது, தண்ணீர் பளபளத்தது. "இப்ப கையெழுத்து போடுங்க சார், குரூப்ல போட்டுடலாம்" என்றார். போட்டேன். பேத்தி "சூப்பர் தாத்தா" என்று பதில் அனுப்பினாள். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அரசாங்க குமாஸ்தாவாக முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைலில் நோட் எழுதியவன் நான். டிராஃப்ட் என்னுடையது, திருத்துவது சூப்பிரண்டு, கையெழுத்து மேலே உள்ளவருடையது. அது உத்தியோகம், அதற்குச் சம்பளம் வாங்கினேன், குறையில்லை. ரிட்டயர் ஆன பிறகு இது என்ன தலைகீழ்? வேலை அவருடையது, கையெழுத்து என்னுடையது, பணம் கட்டியதும் நானே!

"பெரியவங்க சந்தோஷமா வீட்டுக்குப் போகட்டுமே" என்பார்கள். இந்த இரக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. இவர் இனி எங்கே கற்றுக்கொள்ளப் போகிறார், பொழுது போனால் சரி என்ற தீர்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் முசே டிக்டேஷன் தாளைத் திருத்தும்போது தப்பான சொல்லுக்கு நேரே ஓரத்தில் சிவப்புக் கோடு மட்டும் போடுவார். சரியான சொல்லை எழுதித் தரவே மாட்டார். தப்பு எங்கே என்று காட்டுவது அவர் வேலை, என்ன என்று தேடுவது எங்கள் வேலை. அப்போது அவரைத் திட்டியிருக்கிறேன். இப்போது அவருடைய அருமை தெரிகிறது.

அந்தப் பிரெஞ்சுப் படிப்பின் புண்ணியத்தில் எனக்குத் தெரிந்த இன்னொரு பெயர் ஆன்றி ரூசோ. தத்துவ ஞானி ரூசோ அல்ல, இவர் ஓவியர். பாரிஸ் நகரத்துக்குள் வரும் சரக்குக்கு வரி வசூலிக்கும் ஆக்ட்ராய் இலாகாவில் வேலை பார்த்தவர். நம்ம ஜாதி, குமாஸ்தா ஜாதி! ஓவியப் பள்ளிக்குப் போகாதவர். 1893-ல், 49 வயதில் வேலையை விட்டு முழு நேரமும் படம் போட உட்கார்ந்தார். கண்காட்சியில் வைத்தபோது சிரித்தார்கள். பிரான்ஸை விட்டு வெளியே போகாதவர், தாவரத் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் செடிகளைப் பார்த்துவிட்டுக் காடுகளை வரைந்தார். 1908-ல் பிக்காஸோவே அவருக்கு விருந்து வைத்துக் கௌரவித்தார். அவர் போட்ட 'தூங்கும் ஜிப்ஸி' இன்று நியூயார்க் மியூசியத்தில் தொங்குகிறது. ஒரு மாஸ்டர் வந்து "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று அந்தச் சிங்கத்தை நிமிர்த்தியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

அவ்வளவு தூரம் எதற்கு, நம் திருச்சியையே பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே மைக்கா தகட்டில், அதுதான் காக்காப்பொன்னில், ஓவியர்கள் படம் போட்டு வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். தொழிலாளிகள், ஊர்வலங்கள், வாகனங்கள் எல்லாம் அதில் உண்டு. லண்டன் மியூசியங்களில் பத்திரமாக இருக்கின்றன. போட்டவர்கள் பெரும்பாலோரின் பெயர்தான் இல்லை. தன் கையால் போட்டவனுக்குப் பெயரில்லை. தன் கையால் போடாத எனக்கு மூலையில் கையெழுத்து!

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்தவர் கை தேவையே இல்லாத வர்ணம் அக்ரிலிக். ஆயில் பெயிண்ட் காய நாள் கணக்கு ஆகும், டர்பன்டைன் நெடி வேறு. வாட்டர் கலரில் தப்பினால் மறைப்பது கஷ்டம். அக்ரிலிக்கைத் தண்ணீரில் கரைக்கலாம், காய்ந்த பிறகு தண்ணீரில் கரையாது. மலை சாய்ந்ததா? அரை மணி பொறுத்து அதன் மேலேயே வேறு மலை போடுங்கள். தப்பை நாமே திருத்திக்கொள்ளலாம்.

ஆரம்பிக்கப் பெரிய பெட்டி வாங்க வேண்டாம். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பிரவுன் என்று ஐந்து ட்யூப் போதும். வெள்ளை மட்டும் பெரிதாக. தட்டை பிரஷ் இரண்டு, கூர் பிரஷ் ஒன்று, கெட்டியான தாள் அல்லது கேன்வாஸ் போர்டு. நம்ம ஊர் வெயிலில் தட்டில் பிதுக்கிய வர்ணம் நிமிஷத்தில் தோல் கட்டும். டிபன் பாக்ஸில் ஈரத் துணி விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் வர்ணத்தை வையுங்கள், மூடினால் மறுநாளும் ஆகும். காய்ந்தால் நிறம் ஒரு படி இருளும், அதற்குத் தகுந்தபடி கலக்குங்கள். பிரஷ்ஷில் வர்ணம் காய்ந்தால் பிரஷ் போச்சு, உடனே கழுவுங்கள். நல்ல வேட்டி கட்டிக்கொண்டு உட்காராதீர்கள், கறை போகாது. நான் ஒன்றைப் பலி கொடுத்துவிட்டேன்.

மாஸ்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கலவை எப்படி, பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல ஆள் வேண்டும். அதைத் தனித் தாளில் போட்டுக் காட்டலாம். எங்கள் முசே மாதிரி ஓரத்தில் விரல் வைத்து "இங்கே பாருங்க" என்றாலே போதும்.

இப்போது மொட்டை மாடியிலிருந்து மலைக்கோட்டையைப் போட்டிருக்கிறேன். உச்சிப் பிள்ளையார் கோவில் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. பேத்திக்கு அனுப்பினேன். "ஏன் தாத்தா சாஞ்சிருக்கு?" என்று உடனே போன் போட்டாள். அரை மணி நேரம் பேசினோம். போன படத்துக்கு அவள் போனே செய்யவில்லை.

ஆகவே, என் வயதுக்காரர்களே, அடுத்த தடவை யாராவது உங்கள் பிரஷ்ஷுக்குக் கை நீட்டினால் மரியாதையாகச் சொல்லுங்கள்: "தம்பி, வேற தாள்ல காட்டுங்க." நாம் பணம் கட்டியிருப்பது அதற்குத்தான்.