தானியத்தை மாற்றினால் போதுமா?

சோற்றை விடுத்துச் சப்பாத்தியோ கேழ்வரகுக் களியோ உண்டால் இரண்டாம் வகை நீரிழிவு அடங்கிவிடும் எனப் பலரும் நம்புகின்றனர். நம் மக்கள் பெறும் கலோரிகளில் 62 விழுக்காடு மாவுப்பொருளிலிருந்தே வருகிறது என்றும், அதன் அளவைக் குறைக்காது தானியத்தை மட்டும் மாற்றுவதால் நோய் வரும் வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வொன்று 2025இல் தெரிவித்தது. மாவுப்பொருள் எத்தானியத்தினின்று வரினும், இறுதியில் சர்க்கரையாகவே இரத்தத்தில் கலக்கிறதன்றோ? எனவே, அதில் ஒரு பகுதியைக் குறைத்துப் பருப்பும் காய்கறியும் சேர்ப்பதே தக்கது. இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கலந்தே இதனைச் செய்தல் வேண்டும். இன்றேல் சர்க்கரை மிகத் தாழ்ந்து இடர் நேரலாம்.

எனினும், ஏழைக்குப் பருப்பு விலைமிக்க பொருள். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளொன்றுக்குத் திங்கள்தோறும் 5 கிலோ தானியத்திற்கே உரிமை அளிக்கிறது. அவ்வுரிமையில் பருப்பும் இடம்பெற வேண்டும். வாங்க இயலாதவனிடம் பத்தியம் கூறுவதால் பயன் யாது?