கல்யாணத்துக்குப் போவோம்... கேட்டுவிட்டுப் போவோம்!



ஆண்டு மலருக்கு முன்னாள் மாணவன் என்ற முறையில் ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்துத் தம்பிகள் போன் போட்டுக் கேட்டார்கள். "தலைப்பு என்னப்பா?" என்றேன். "உங்க இஷ்டம்ண்ணே, ஆனா வேலை வாய்ப்பு பத்தி வேண்டாம், அதுல மூணு கட்டுரை வந்திருச்சு" என்றார்கள். பிழைத்தேன்! நான் எழுத வந்தது கல்யாணத்தைப் பற்றி. சிரிக்காதீர்கள். இன்றைக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படிக்கிற தம்பிக்கும் இன்னும் ஏழெட்டு வருஷத்தில் இந்தப் பிரச்சினை வரத்தான் போகிறது.

மூன்று வருஷம் ஒரே ஒர்க்ஷாப்பில் ஃபைலிங் போட்டு, ஒரே தட்டில் புரோட்டாவைப் பிய்த்துத் தின்றவர்கள், டிப்ளமோ கையில் வந்த மறுநாளே சிதறிப் போகிறோம். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், திருப்பூர், துபாய் என்று ஆளுக்கொரு திசை. ஷிப்ட் வேலைக்காரனுக்குப் பொங்கலும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. எல்லோரும் ஒரே நாளில் லீவு சொல்ல ஒரே ஒரு காரணம்தான் சூப்பர்வைசரிடம் செல்லும். செட்டில் ஒருவனுக்குக் கல்யாணம்!

அதையும் இப்போது கெடுத்துக்கொண்டிருக்கிறோம். பத்திரிகை வாட்ஸ்அப்பில் வருகிறது. பதிலுக்கு ஒரு பூங்கொத்துப் படம், "வாழ்த்துகள் மச்சி", கூடவே போனிலேயே ஐந்நூறு ரூபாய். கடமை முடிந்தது! இது தவறு என்பது என் கட்சி. மொய் என்பது வெறும் பணம் அல்ல. பந்தி முடித்து வந்து, மொய் நோட்டுக்காரர் முன்னால் நின்று, ஊர்ப் பேரும் அப்பா பேரும் சொல்லி எழுத வைக்கிறோமே, அதற்கு அர்த்தம் "நான் வந்தேன், நாளைக்கு நீயும் வரணும்" என்பது. வராதவனின் ஐந்நூறு வெறும் ஐந்நூறுதான்.

சரி, போவது என்று முடிவாகிவிட்டது. எப்படிப் போவது? இங்கேதான் நம் இளைஞர்களுடன் எனக்குப் பெரிய சண்டை. முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. அதனால் ராத்திரி பத்து மணிக்கு வேன் பிடித்து, விடிய விடிய ஓட்டி, மண்டப வாசலில் போய் முகம் கழுவுவது என்பதே வழக்கமாகிவிட்டது. பின்னால் இருப்பவர்கள் பாட்டுப் போட்டு ஆடிக் களைத்துத் தூங்கிவிடுவார்கள். முன்னால் ஒரு மனிதர் மட்டும் தூங்காமல் இருக்க வேண்டும்! அவர் பகலெல்லாம் வேறொரு வாடகை ஓட்டிவிட்டு வந்தவரா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

1961 மே மாதம் நம் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களில் ஒரு ஜோடி உண்டு. 27-ம் எண் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். 28-ம் எண் வரதட்சணைத் தடைச் சட்டம். அடுத்தடுத்த எண்! முதலாவது, ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற போக்குவரத்து நிறுவனங்களில் தொழிலாளிக்குப் பொதுவாக நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று சொன்னது. (2020-ல் இயற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அதையும் சேர்த்துவிட்டார்கள்.) ஒற்றை வேன் வைத்துச் சொந்தமாக ஓட்டுகிற அண்ணனுக்கு அந்தக் கணக்கும் கிடையாது. அவருக்கு நாம்தான் கணக்கு. இரண்டாவது சட்டத்துக்குப் பிறகு வருகிறேன். ஒரே கல்யாணத்தில் இரண்டையும் மீறுகிற கெட்டிக்காரர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

போன தை மாதம் எங்கள் மெக்கானிக்கல்காரன் ஒருவனுக்கு எட்டயபுரத்தில் கல்யாணம். ஓசூரிலிருந்து நாங்கள் ஐந்து பேர். பகலில்தான் போவது என்று நான் ஒரே பிடிவாதம். "அரை நாள் சம்பளம் போகுதுடா" என்று முணுமுணுத்தார்கள். போகட்டும்! காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். கிருஷ்ணகிரி வரை வைப்பர் போட்டும் கண்ணாடி தெளியவில்லை. விபத்துக்குப் பேர் போன தொப்பூர் கணவாயை நல்ல வெயிலில், இரண்டாவது கியரில் இறங்கினோம். சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் எல்லாம் நாற்கரச் சாலையில் ஒரே மாதிரிதான். சொல்ல ஒன்றும் இல்லை. மதுரையில் சின்னத் தகராறு. எட்டயபுரத்துக்கு அருப்புக்கோட்டை வழியாகப் போவதுதான் நேர் வழி. ஆனால் கோவில்பட்டி கடலை மிட்டாய் வாங்காமல் ஓசூர் திரும்பினால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள் என்று எலக்ட்ரிக்கல்காரன் சத்தியம் பண்ணினான். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் ஆயிற்றே! விருதுநகர், சாத்தூர் வழியே போனோம்.

விருதுநகர் தாண்டினால் கரிசல். இரண்டு பக்கமும் கறுப்பு. உளுந்தும் பாசியும் பிடுங்கி முடிந்த காடு, காய்ந்து நிற்கிற மக்காச்சோளம், காய் பிடித்த பருத்தி. தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பன் ஒருவன் "ஏண்டா, வாய்க்காலே காணோம்?" என்றான். வாய்க்கால் ஏது? எல்லாம் மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். பெய்ததைக் கரிசல் மண் குடித்து வயிற்றில் வைத்துக்கொள்ளும். மழை நின்ற பிறகும் அந்த ஈரத்திலும் பனியிலும் பயிர் தேறிவிடும். எங்கள் சிவில்காரன் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினான். செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைக் காட்டி, "நனைஞ்சா வீங்கும், காஞ்சா வாயைப் பிளக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டா சுவர் ரெண்டா விட்டுரும்" என்று பாடம் எடுத்தான். அடியில் குமிழ் போல விரிந்த அண்டர் ரீம்டு பைல் என்று படித்தோமே, அதை இந்த மாதிரி மண்ணுக்காகத்தான் ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. ஐந்து மார்க் கேள்வி என்று நினைத்துப் படித்த சமாச்சாரம், கண் முன்னால் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது! ராத்திரி வேனில் தூங்கிக்கொண்டு போகிறவனுக்கு இது கிடைக்காது.

இந்த மண்ணைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரே மழை, ஒரே வெள்ளாமை. தையில் காசு புரளும், தையில் கல்யாணம் நடக்கும். அந்த ஒரு மழை பொய்த்தாலும் போச்சு, அளவுக்கு மீறினாலும் போச்சு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டமே மிதந்தது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை! கரிசல் காட்டுப் பயிர்களும் அதில் அழுகிப் போயின. வருகிற தையில் மகள் கல்யாணம் என்று நாள் குறித்து வைத்திருந்த ஒரு தகப்பன் அந்த ராத்திரி என்ன நினைத்திருப்பான்? மழை கணக்குத் தப்பலாம். மாப்பிள்ளை வீட்டுப் பவுன் கணக்கு மட்டும் தப்பவே கூடாது!

இப்போது 28-ம் எண் சட்டத்துக்கு வருவோம். வரதட்சணை கொடுத்தாலும் வாங்கினாலும் குறைந்தது ஐந்து வருஷம் ஜெயில், பதினைந்தாயிரம் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இதில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம் என்று அதில் இருக்கிறது. இருந்து என்ன? ஐ.டி.ஐ.க்கு இவ்வளவு, டிப்ளமோவுக்கு இவ்வளவு, பி.இ.க்கு இவ்வளவு என்று ரேட் கார்டு போட்டுத்தானே பேசுகிறார்கள்? நம் சான்றிதழை நாம் வாங்கியது வேலைக்கா, பைக்குக்கா? எங்கள் செட்டில் படித்த ஒரு தோழி ஒருமுறை சொன்னாள்: "எங்கப்பா எதுத்துப் பேச முடியாது, பொண்ணைப் பெத்தவரு. நான் பேசினா வாயாடின்னு பேரு. மாப்பிள்ளையோட சிநேகிதங்க இருபது பேரு வேன்ல வந்தாங்களே, அதுல ஒருத்தராவது முன்னாடியே 'ஏண்டா வாங்குறே?'ன்னு அவரைக் கேட்டிருந்தா அவருக்குச் சுருக்குன்னு இருந்திருக்கும்."

இதைத்தான் நான் இந்தக் கட்டுரையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்கக் கூடிய ஆள் அவன் சிநேகிதன்தான். பெரியவர்கள் கேட்க மாட்டார்கள், போலீஸ் பிறகுதான் வரும்.

எங்கள் மெக்கானிக்கல்காரனைக் கேட்டோம். பத்திரிகை அடிப்பதற்கு முன்பே, ஐந்து பேரும் ஒன்றாகப் போனில். "நான் எதுவும் கேக்கலடா. வீட்ல பேசுறாங்க" என்றான். "வீட்லன்னா யாருடா? சுவரா, கதவா? பைக்கை ஓட்டப் போறது யாரு?" என்று சிவில்காரன் விடவில்லை. இரண்டு வாரம் பேச்சு மூச்சு இல்லை. குரூப்பிலிருந்தும் போய்விட்டான். கல்யாணமும் போச்சு, சிநேகிதமும் போச்சு என்றுதான் நினைத்தோம். பிறகு ஒரு நாள் ராத்திரி ஷிப்ட் முடிந்து அவனே கூப்பிட்டான். "பைக் வேண்டாம்னு சொல்லிட்டேன். அம்மா நாலு நாள் சாப்பிடலை. நீங்க வந்துதான் சமாதானம் பண்ணணும்." நகை? "அது அவங்க விருப்பம்டா..."

அந்த "விருப்பம்" என்ற வார்த்தைதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கேட்காமல் கொடுத்த பரிசுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆனால் பட்டியல் எழுதி வைக்க வேண்டும். எந்தக் கல்யாணத்தில் எழுதுகிறார்கள்? மொய்க்கு நோட்டுப் போடுகிற ஊரில் பவுனுக்கு நோட்டு கிடையாது! ஆக, பாதிதான் ஜெயித்தோம். பாதிக்காவது வேன் ஏறலாம் என்று ஏறினோம். அது போதாது என்று சொல்லுகிற தோழர்கள் இருப்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

மாலையில் எட்டயபுரம் போய்ச் சேர்ந்ததும் ஒரு சுற்றுச் சுற்றினோம். உமறுப்புலவரும் முத்துசுவாமி தீட்சிதரும் அடங்கிய ஊர். கல்கியின் முயற்சியில் எழுந்து 1947-ல் ராஜாஜி திறந்து வைத்த பாரதி மணிமண்டபம் இருக்கிறது. பாரதி பிறந்த வீடும் இருக்கிறது. 1897-ல் அவருக்குக் கல்யாணம் ஆனபோது அவருக்கு வயது பதினாலரை, செல்லம்மாவுக்கு ஏழு! அன்றைக்கு அது ஊர் வழக்கம், யாரும் வாய் திறக்கவில்லை. எட்டயபுரத்தில் பருத்தி ஆலை வைத்து நொடித்துப்போன தகப்பனார் மறு வருஷமே காலமானார். அந்தப் பையன்தான் பின்னாளில் சென்னையில் பெண்களுக்காகச் 'சக்ரவர்த்தினி' என்ற பத்திரிகையை நடத்தினார். பெண்ணுக்குப் பதினாலு வயதாவது ஆக வேண்டும் என்று சட்டம் போட 1929 ஆயிற்று. அவர் அதைப் பார்க்கவில்லை. ஊர் வழக்கம், பெரியவங்க பேசுறாங்க என்கிறவர்களை ஒரு தடவை அந்த வீட்டு வாசலில் கொண்டு போய் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தி, ரகளை, போட்டோ எல்லாம் எல்லாக் கல்யாணத்திலும் உள்ளதுதான். பெண்ணின் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர். ஒரு ரூபாய் தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது என்றால், அதை அடுக்குகிறவர் கூலியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் நாங்கள் கிளம்பும்போது வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "ஓசூர்லருந்து வந்த புள்ளைக நீங்கதானா? பைக்கு வேண்டாம்னு சொல்லச் சொன்னது நீங்கதான்னு மாப்பிள்ளை சொன்னாக. அதுக்குன்னு வட்டிக்கு வாங்கி வச்ச ரூவாயை அப்படியே திருப்பிக் குடுத்துட்டோம்யா" என்றார். அவ்வளவுதான். டிரைவர் அண்ணனுக்கும் சேர்த்து ஒரு பை முறுக்கு கொடுத்தார்.

"அடுத்தவன் குடும்ப விஷயத்தில் நீ யார்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மாப்பிள்ளைத் தோழன் என்று மேடையில் பக்கத்தில் நிற்கக் கூப்பிடுகிறானே, அப்போது மட்டும் நான் யார்? நிற்கத் தகுதி உள்ளவனுக்குக் கேட்கவும் தகுதி உண்டு.

சங்கத்துக்கு ஒரு யோசனை. கடைசி வருஷ மாணவர்களுக்குப் பிரிவு உபசார விழா நடத்துகிறீர்கள், ஷீல்டு கொடுக்கிறீர்கள், சந்தோஷம். அந்த மேடையிலேயே ஒவ்வொரு பிரிவும் தன் செட்டுக்கு ஒரு பொது நிதி தொடங்கட்டும். மாதம் நூறு ரூபாய். யாருக்குக் கல்யாணம் என்றாலும் வேன் வாடகையும், டிரைவர் இரவு தங்க ரூம் வாடகையும், மொய்யும் அதிலிருந்து. வரதட்சணை வாங்குகிறவன் கல்யாணத்துக்கு அந்த நிதியிலிருந்து பத்துப் பைசா கிடையாது என்று முதல் பக்கத்திலேயே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். பெண் தோழியரின் கையெழுத்து முதலில் இருக்கட்டும்.

எங்கள் செட்டில் இப்போதே ஆரம்பித்துவிட்டோம். மெக்கானிக்கல்காரன்தான் பொருளாளர். அடுத்து எலக்ட்ரிக்கல்காரனுக்குப் பெண் பார்க்கிறார்கள், அருப்புக்கோட்டைப் பக்கம். ஐந்து பேரும் போன் போட்டுக் கேட்டாயிற்று. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.