பழைய ஜீப்பின் கியர்ப்பெட்டியைக் கழற்றுதலும் பூட்டுதலும்

யுத்த காலத்தில் அமெரிக்காவில் தோன்றிய ஜீப் வண்டியை, 1945-ஆம் வருஷத்தில் வில்லிஸ் கம்பெனியார் குடியானவர்களின் உபயோகத்துக்கு ஏற்றவாறு மாற்றி விற்கத் தொடங்கினர். 1940-களின் இறுதியில் மஹீந்திரா கம்பெனியார் பம்பாயில் அவ்வண்டிகளை இணைக்கும் வேலையை மேற்கொண்டனர். பின்னர் சி.ஜே. 3பி என்னும் வகை இந்நாட்டிலேயே நெடுங்காலம் செய்யப்பட்டது. அவற்றுட் சில இன்றும் மலைத்தோட்டங்களிலும் பண்ணைகளிலும் உழைத்து வருகின்றன. இவ்வண்டிகளின் கியர்ப்பெட்டிக்குத் தேய்மானத்தால் வரும் கேடு மெல்ல வருவது. அதைக் கழற்றிப் பூட்டுங்கால் அவசரத்தால் வரும் கேடோ ஒரே பகலில் வந்துவிடும். ஆகையால் இவ்வேலையை அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையிலுள்ள ஓய்வுக் காலத்தில், உடையவர் அருகிருக்க, நிதானமாய்ச் செய்விப்பதே உசிதம்.

முதலாவது, பெட்டியைக் கழற்றுவது அவசியந்தானா என்று ஆராய வேண்டும். கியர் விழும்போது கரகரவென்று சத்தம் கேட்டால், கிளச்சு மிதியின் வெற்றசைவைப் பார்க்க வேண்டும். அது மிகுந்துவிட்டால் கிளச்சு முழுதும் விடுபடாது. ஓடும்போது கியர் தானே நழுவினால், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளும், பெட்டியை முன்னே பிணைக்கும் போல்ட்டுகளும் தளர்ந்துள்ளனவா என்று சோதிக்க வேண்டும். மிதியை அழுத்தும்போது மட்டும் இரைச்சல் உண்டாயின் கிளச்சு விடுவிக்கும் பேரிங்கையும், நியூட்ரலில் இரைந்து மிதியை அழுத்தியதும் அடங்குமாயின் பெட்டியின் முன் பேரிங்கையும் சந்தேகிக்கலாம். எண்ணெயை வடித்துப் பார்க்கையில் எஃகுச் சில்லுகள் தென்பட்டால் பெட்டியைத் திறப்பதைத் தள்ளிப்போடலாகாது.

மூன்று கியருள்ள பெட்டியில் முதற் கியருக்கு ஒத்தியக்கும் வளையம் இல்லை. வண்டி முற்றும் நிற்குமுன் அதை முதற் கியரில் தள்ளும் வழக்கத்தால் பற்கள் முறிகின்றன. அப்பழக்கத்தை ஓட்டுபவன் விடாதவரை, புதுப் பற்சக்கரங்கள் வாங்கிப் பூட்டினும் பயனில்லை.

கழற்றுவதென்று தீர்மானித்தபின், யாவற்றினும் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்வண்டியின் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதன்று. கியர்ப்பெட்டிக்குப் பின்னுள்ள டிரான்ஸ்பர் பெட்டியின் உருளையையே பிடிப்பது. ஆகவே பின்பக்கத்துச் சுழல்தண்டை அவிழ்த்த கணமே கைப்பிரேக் பின்சக்கரங்களைத் தடுக்காது. முன் தண்டையும் அவிழ்த்துவிட்டால், கியரில் நிறுத்தியிருப்பதும் வீணே. சாய்வான தரையில் இதை அறியாமல் வண்டியின் அடியில் படுத்தவன் உயிருக்கே அபாயம் நேரும். சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் இருபுறமும் கட்டை கொடுத்து, பாரத்தை உறுதியான தாங்கிகளின்மேல் இருத்திய பின்னரே அடியில் செல்ல வேண்டும். செங்கல் அடுக்கையோ, தனி ஜாக்கியையோ நம்புவது தகாது.

பின்னர் இரு பெட்டிகளின் எண்ணெயையும் வடித்து, தரைத்தகட்டையும் கியர்க் கம்பையும் எடுத்து, திறந்த வாயைத் தூய துணியால் மூட வேண்டும். அவ்வழியே விழும் ஒரு சிறு திருகாணியும் பற்களை நாசமாக்கும். சுழல்தண்டுகளைக் கழற்றுமுன் அவை பொருந்தியிருந்த நிலையைக் குறித்துக்கொண்டு, ஊசி உருளைகள் சிந்தாதபடி மூடிகளைக் கம்பியால் கட்டிவைத்தல் நலம். வேகமானிக் கம்பி, கைப்பிரேக் கம்பி, கிளச்சு இணைப்பு ஆகியவற்றை விடுவிக்க வேண்டும். என்ஜினின் பின்பாரம் குறுக்குச் சட்டத்தின் மேலேயே நிற்பதால், சட்டத்தை அகற்றுமுன் என்ஜினின் எண்ணெய்த் தொட்டிக்கடியில் பலகை வைத்து ஒரு ஜாக்கியும், பெட்டிகளுக்கடியில் மற்றொரு ஜாக்கியும் நிறுத்துவது இன்றியமையாதது. அதன்பின் போல்ட்டுகளை அவிழ்த்து, தண்டு கிளச்சை விட்டு விலகும்வரை பெட்டிகளை நேரே பின்னுக்கு இழுத்து இறக்கலாம்.

பெட்டி இறங்கிய பிறகுதான் உடையவரின் விவேகம் வெளிப்படும். கிளச்சுத் தட்டு, விடுவிக்கும் பேரிங், தண்டின் நுனியைத் தாங்கும் சிறு புஷ், எண்ணெய் கசியும் சீல்கள் ஆகியவை எல்லாம் அப்போதே கைக்கெட்டும். பாதி தேய்ந்த தட்டை மிச்சம் பிடிப்பதாக எண்ணி மறுபடியும் பூட்டுபவர், சில மாதங்களில் அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க நேரிடும். பெட்டியின் விலையோடு ஒப்பிடின் இவ்வுறுப்புக்களின் விலை சொற்பமே.

பூட்டும் வேலையில்தான் பெரும்பான்மையான தவறுகள் நிகழ்கின்றன. கிளச்சுத் தட்டின் எந்த முகம் என்ஜினை நோக்கியிருந்ததோ அம்முகமே அவ்வாறு இருக்க வேண்டும். பழைய முன்தண்டு ஒன்றைக் கொண்டு தட்டை நடுவில் நிறுத்தி, திருகாணிகளைச் சுற்றிச் சுற்றிச் சமமாய் முடுக்க வேண்டும். டிரான்ஸ்பர் பெட்டியையும் கியர்ப்பெட்டியையும் கியரில் வைத்து, பின்னுள்ள பிரேக் உருளையைக் கையால் மெல்லத் திருப்பினால், தண்டின் வரிகள் தட்டின் வரிகளோடு தாமே பொருந்தும். அதுவரை பாரம் முழுதும் ஜாக்கியின் மேல் இருத்தல் வேண்டும். பாதி நுழைந்த பெட்டியைத் தட்டின்மேல் தொங்கவிட்டால் தட்டு வளையும். பின் கிளச்சு ஒருபோதும் சரியாய் விடுபடாது. பொருந்தாத பெட்டியைப் போல்ட்டுகளை முடுக்கி இழுப்பது இன்னும் கொடிது. அதனால் வார்ப்பிரும்புக் காதுகள் வெடிக்கும். கையால் தள்ளி நெருங்காத பெட்டியை மீண்டும் பின்னிழுத்துக் காரணம் காண்பதே முறை.

முடிவில் இரு பெட்டிகளுக்கும் தனித்தனியே உரிய எண்ணெய் விட வேண்டும். ஒன்றிலுள்ள எண்ணெய் மற்றதற்கு ஒழுகுவது உண்டாதலால், சிறிது ஓட்டிய பின் இரண்டின் மட்டத்தையும் மறுபடி பார்ப்பது அவசியம்.

"அரை நாளில் முடிப்பவரிருக்க இரண்டு நாள் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. வேலை தெரிந்தவனின் வேகம் வேறு. கட்டையும் தாங்கியும் வைக்காமல் தப்பிக்கும் வேகம் வேறு. தக்க கருவிகள் இல்லாமையே பலரை இரண்டாம் வகைக்குத் தள்ளுகிறது. உறுதியான தாங்கிகள் நான்கு, தாழ்வான சக்கர ஜாக்கி ஒன்று, சங்கிலிக் கப்பி ஒன்று ஆகியவற்றை ஒவ்வொரு குடியானவரும் வாங்குதல் இயலாது. ஆனால் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் வாங்கி வாடகைக்கு விடுதல் எளிது. கிராம அதிகாரிகளும் சங்க நிர்வாகிகளும் இதில் சிரத்தை கொள்வாராயின், பழைய வண்டிகள் இன்னும் பல்லாண்டு உழைக்கும். அவற்றைப் பழுது பார்ப்போரின் உயிருக்கும் காவலுண்டாகும்.